வரவழைத்த வலி

எங்கள் ஊர்ப் பெண்களின் பேச்சில் வலி ஒரு தன்வினை. “விடியக்காலம் அவளுக்கு வலி எடுத்துட்டு”, “நேத்தே வலி கண்டுட்டு” என்பார்கள். யாரும் எடுக்க வைப்பதில்லை, தானாக எடுக்கும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அதே வலி பிறவினையாகிவிடுகிறது. “நாளைக்குள்ள வலி வரலன்னா வரவெச்சிருவோம்.” இலக்கணம் நடத்திப் பிழைப்பவளுக்கு இந்த மாற்றம் காதில் விழாமல் இருக்காது. முதல் வாக்கியத்தில் எழுவாய் வலி. இரண்டாவதில் எழுவாய் டாக்டர். பெற்றுக்கொள்ளப் போகிறவள் இரண்டிலுமே ‘அவளுக்கு’தான், நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறாள்.

முன்னொரு காலத்தில் எல்லாம் இயற்கையாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த என் ஆச்சி ஒன்பது பெற்று ஐந்தை வளர்த்தவள். மீதி நான்கைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. பேறுகாலத்துக்கு நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுப்பது அவள் காலத்திலேயே இருந்தது. குடலைக் கலக்கினால் கருப்பையும் கிளம்பும் என்பது கணக்கு. வலி மாதிரி ஏதோ வந்தால் சீரகக் கஷாயம். குடித்த பிறகு அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் பேற்று வலி. வலியை வரவழைக்கவும் வந்த வலியைச் சோதிக்கவும் வீட்டுக்குள்ளேயே வழி வைத்திருந்தார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கஷாயத்தில் என்ன போட்டிருக்கிறது என்று குடிப்பவளுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு என் அக்கா மகள் போன் பண்ணினாள். தலைப்பேறு. நாற்பது வாரம் தாண்டி நாலு நாள் ஆகியிருந்தது.

“சித்தி, வியாழக்கிழமை வந்து படுத்துரச் சொல்லிட்டாவ. வலி வரலன்னா வரவைப்பாவளாம். எப்படி வரவைப்பாவ?”

“டாக்டர்ட்ட கேக்கலியா?”

“கேட்டேன். அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், நீ தைரியமா வான்னு சொன்னாவ. அம்மைட்ட கேட்டா, நல்ல காரியத்துக்குப் போகும்போது என்னத்தையும் கேட்டுப் பயந்துக்கிடாதன்னு வையுதா.”

அவள் எம்.எஸ்ஸி. படித்தவள். போனில் எல்லாம் தேடத் தெரிந்தவள். வீட்டில் பெற்றவர்கள் அக்காவையும் அவள் மாமியாரையும் சேர்த்து ஆறு பேர். அத்தனை பேரும் அவளைப் பயப்படாதே என்றார்களே தவிர, எதற்குப் பயப்படக் கூடாது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். அதில் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. கடைசியாக வீட்டுக்கு விலக்கான நாளிலிருந்து 280 நாள் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று வைத்தால் சரியாகப் பத்து மாதம். நம் கிழவிகள் சொன்ன ‘பத்து மாதச் சுமை’ தப்பே இல்லை. அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். முன்னே பின்னே ஆவதுதான் வழக்கம். ஆனால் 41 வாரம் முடிந்தால் நச்சுக்கொடியின் பலம் குறையத் தொடங்கலாம், குழந்தைக்கு ஆபத்து கூடும் என்பதால் அந்தக் கட்டத்தில் வலியைத் தூண்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறினால், சர்க்கரை இருந்தால், பனிக்குடம் உடைந்தும் வலி வராமலிருந்தால், வயிற்றுக்குள் குழந்தையின் வளர்ச்சி நின்றால், இன்னும் முன்னாலேயே செய்ய வேண்டிவரும். இவையெல்லாம் உயிரைக் காக்கிற காரணங்கள்.

காரணமே இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முதல் குழந்தையைச் சுமந்த, வேறு சிக்கல் இல்லாத ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ‘அரைவ்’ ஆய்வு 2018இல் வெளியானது. 39ஆம் வாரத்தில் வலியைத் தூண்டியவர்களில் சிசேரியன் 18.6 சதவீதம், தானாக வரட்டும் என்று காத்திருந்தவர்களில் 22.2. தூண்டினாலே கத்திதான் என்று நம்மூரில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களுக்குக் கிடைத்த பொறுமையும் கண்காணிப்பும், ஒரே தாதி ஏழெட்டுக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் நம் வார்டில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இங்கே உண்டு. நல்ல நாள், நல்ல நட்சத்திரம். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிச் சித்திரையில் பிள்ளை பிறக்காமல் பார்த்துக்கொண்ட சமூகம், ஊசியும் கத்தியும் வந்தபின் சும்மா இருக்குமா! அவள் உடம்பின் காலத்தை அவளைத் தவிர எல்லோரும் குறித்துக் கொடுக்கிறார்கள்.

இனி அந்த அறைக்குள் நடப்பது. 2009இல் நான் போனது எங்கள் மாவட்டத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று. பனிக்குடத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றார்கள், படுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முனைவர் பட்ட ஆய்வு முடிகிற தறுவாய். சங்க இலக்கியத்தில் உடல் பற்றிய ஓர் இயலை எழுதி முடித்த கையோடு போயிருந்தேன். என் உடம்பில் அடுத்த ஒன்றரை நாள் என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வந்தபின் டிஸ்சார்ஜ் தாளிலும் பில்லிலும் இருந்த மருந்துப் பெயர்களை வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன்.

முதலில் உள் பரிசோதனை. கையுறை போட்ட இரண்டு விரலால் கருப்பையின் வாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிறதா கட்டியாக இருக்கிறதா, முன்பக்கமா பின்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964இல் வகுத்த கணக்கு இது. 13க்கு 6 அல்லது அதற்குக் கீழே என்றால் வாய் இன்னும் பக்குவப்படவில்லை, முதலில் பக்குவப்படுத்த வேண்டும். எங்கள் ஊரில் வாழைத்தாரைப் பார்த்து “இன்னும் வெளையல” என்பார்களே, அந்த மாதிரி. அந்த எண்ணைக் கேட்கலாம். “எனக்கு எவ்வளவு மேடம்?” என்ற ஒரு கேள்வியில் அந்த அறையின் காற்றே கொஞ்சம் மாறும். எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை, அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. தொடப் போகிறேன் என்ற ஒரு வார்த்தை இல்லாமல் தொட்டார்கள். நான் காலைச் சேர்த்துக்கொண்டதற்கு, “புருஷன்கிட்ட படுக்கும்போது இந்த வெக்கம் எங்க போச்சு?” என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்கியத்தை ஒருவராவது கேட்டிருப்பார்.

பக்குவப்படுத்த ஜெல் வைப்பார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் குளிர்ச்சியாக இருக்கும். வைத்ததும் அரைமணி நேரமாவது எழாமல் படுத்திருக்க வேண்டும். போதவில்லை என்றால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. சில இடங்களில் ஜெல்லுக்குப் பதில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, மிகச் சிறிய அளவில், 25 மைக்ரோகிராம். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. பழைய தையல் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் முதல் பிள்ளை கத்தியில் பிறந்தது என்பதை அறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சொல்லிவிட வேண்டும். மருந்தே இல்லாமல் ரப்பர் குழாயின் நுனியில் உள்ள சிறு பலூனை உள்ளே வைத்து, தண்ணீர் ஏற்றி, வாயை மெல்ல அகட்டுகிற முறையும் உண்டு.

ஜெல் வைத்த பிறகு ஒன்றும் நடக்காமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போகலாம். சினிமாவில் ஊசி போட்ட மறு காட்சியில் குழந்தை அழும். நிஜத்தில் தலைப்பேறுக்கு ஒரு நாள், ஒன்றரை நாள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், எட்டாவது மணி நேரத்தில் என் உடம்பில் ஏதோ கோளாறு என்று நான் அழுதிருக்க மாட்டேன். அக்கா மகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். புத்தகம் எடுத்துக்கொண்டு போ, சார்ஜர் எடுத்துக்கொண்டு போ, டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டுக்கொள், நடக்க விட்டால் நட.

வாய் திறக்கத் தொடங்கியதும் பனிக்குடத்தை உடைப்பார்கள். கொக்கி போன்ற ஒரு கருவி. பார்க்கத்தான் பயம், குழந்தையின் உறைக்கு வலி தெரியும் நரம்பு கிடையாது. வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஓடும். அது பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் உள்ளே குழந்தை மலம் கழித்திருக்கிறது என்று பொருள், கூடுதலாகக் கவனிப்பார்கள்.

அப்புறம் டிரிப். ஊரில் ‘வலி ஊசி’ என்று சொல்வது இதைத்தான். மருந்தின் பெயர் ஆக்சிடோசின். நம் மூளையிலிருந்தே சுரப்பதுதான். பிரசவத்தில் அது விட்டு விட்டுச் சுரக்கும். டிரிப் விடாமல் ஏறும். தானாக வரும் வலி மெதுவாகத் தொடங்கி, உடம்புக்குப் பழக்கம் கொடுத்து, பிறகு ஏறும். வரவழைத்த வலி பலருக்கும் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. குறைந்த அளவில் ஆரம்பித்து அரைமணிக்கொரு முறை பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும், பத்து நிமிடத்தில் மூன்று நான்கு முறை வலி வந்தால் போதும். ஐந்துக்கு மேல் போனால் அதிகம். இரண்டு வலிக்கு நடுவில்தான் குழந்தைக்கு ரத்தமும் மூச்சுக்காற்றும் ஒழுங்காகப் போகும். இடைவெளி இல்லையென்றால் டிரிப்பைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பது. எனக்கு டிரிப் குழாயின் சக்கரத்தை யாரோ வந்து திருப்பிவிட்டுப் போனது மட்டும் தெரியும். கூட்டினார்களா குறைத்தார்களா என்று தெரியாது. அரைமணியில் ஒரு வலி முடியுமுன் அடுத்தது ஏறியது. “தாங்க முடியல” என்றேன். “வலி நல்லா வருது, பொறுத்துக்கோ” என்றார்கள். தாங்க முடியவில்லை என்று அவள் சொல்வது புலம்பல் அல்ல, தகவல். இடைவெளி போய்விட்டது என்று முதலில் தெரிவது அவளுக்குத்தான்.

ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியதற்காக வின்சென்ட் டு விக்னோ 1955இல் நோபல் பரிசு பெற்றார். மகப்பேற்றுக்குப் புரோஸ்டாகிளாண்டினைப் பயன்படுத்திக் காட்டியவர் சுல்தான் கரீம், 1968இல், உகாண்டாவின் கம்பாலாவில். இன்றைய ஜெல்லுக்கு அதுதான் வித்து. நம் ஊர்ப்பக்கம் ஆக்சிடோசினுக்கு இன்னொரு பெயர் உண்டு, மாட்டுக்குப் பால் இறங்கப் போடும் ஊசி. அந்தத் தவறான பயன்பாட்டைக் காட்டி 2018இல் மத்திய அரசு தனியார் உற்பத்தியைத் தடுக்க முயன்றது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் சாகும் பெண்களைக் காப்பாற்ற இந்த மருந்து கட்டாயம் வேண்டும் என்று வழக்காடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஒரே மருந்துதான். அளந்து கொடுத்தால் உயிர், அளக்காமல் கொடுத்தால் கருப்பையே கிழியலாம்.

எல்லாம் ஆஸ்பத்திரி செய்த அநியாயம் என்று முடித்துவிட்டால் சுலபம். ஆனால் வலி ஊசியைப் பெண்களே கேட்டு வாங்கியதும் உண்டு. சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1995இல் தமிழ்நாட்டில் தங்கி, ஏழைப் பெண்களின் பேறுகாலங்களைக் கூட இருந்து பார்த்து எழுதினார். 2003இல் நூலாக வந்தது. வலியை வரவழைப்பதற்கென்றே அதில் ஓர் இயல் உண்டு. வலி தணிக்கும் மருந்து ஏறக்குறைய இல்லாமலே வலி கூட்டும் மருந்து தாராளமாகக் கொடுக்கப்பட்டதை அவர் பதிவு செய்கிறார். வலி கூடினால் சக்தி கூடும் என்று பெண்கள் சொன்னதையும் பதிவு செய்கிறார். வேற்று மொழிக்காரர் வந்து கண்டெடுத்த அந்த முடிச்சு நம் அகராதியிலேயே இருக்கிறது. பழந்தமிழில் வலி என்றால் வன்மை. திருக்குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல், 49ஆம் அதிகாரம் காலமறிதல். முதலாண்டு மாணவிகள் ‘வலியறிதல்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அது அரசனுக்குச் சொன்னது, படை வலிமை பற்றியது என்று விளக்கிவிட்டு நகர்வேன். பெண்ணுக்கு வந்தால் வலி, அரசனுக்கு வந்தால் வலிமை. இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் ‘பொறுத்துக்கோ’ என்கிறார்கள். வலிக்கு மருந்து கேட்பவள் வலு இல்லாதவள் ஆகிவிடுகிறாள். முதுகுத் தண்டில் போடும் வலிநீக்கி ஊசியைக் காசுள்ளவர்கள் கேட்டால் வசதி, இல்லாதவர்கள் கேட்டால் செல்லம்.

கத்திப் பயமும் சேர்ந்துகொள்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சிசேரியன் கணக்கு, 44.9 சதவீதம். தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இப்படி ஓர் ஊரில் ‘நார்மல்’ என்பது ஒரு பரிசு மாதிரி. “நார்மலா ஆகணும்னா சொல்றதக் கேளு” என்றால் யார்தான் எதிர்த்துப் பேசுவாள்? ஒரு மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய கணக்கை, அது மட்டுமே அவசரப்படுத்தக் காரணமாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே தள்ளிவைத்துவிட்டது. வார்டுக் கடிகாரத்துக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

கூட ஒருவர் இருப்பது பெரிய உதவி. தமிழக அரசு மருத்துவமனைகளில் ‘பிரசவத் துணை’ ஏற்பாடு 2004இலேயே வந்தது. பெற்றுப் பழகிய பெண் ஒருத்தி பக்கத்தில் இருக்கலாம். பேறுகாலத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி அது. கையைப் பிடித்துக்கொள்வதோடு அவள் வேலை முடிவதில்லை. வலிக்கு நடுவே எத்தனை நிமிடம் என்று எண்ணலாம். சக்கரத்தைத் திருப்புகிறவரிடம் “கூட்டுதியளா, கொறைக்கியளா?” என்று கேட்கலாம்.

அக்கா மகளுக்கு அப்படித்தான் நடந்தது. அவள் மாமியார், ஆத்தூர் சந்தையில் வெற்றிலை எண்ணிக் கட்டுகிற பெண், நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். “ரெண்டு வலிக்கு நடுவுல பிள்ளைக்கு மூச்சு விட எடமே இல்லம்மா” என்று போய்ச் சொல்லி, டாக்டர் வந்து பார்த்து டிரிப்பைக் குறைத்திருக்கிறார். பதினெட்டு மணி நேரம் கழித்துத் துடிப்பு இறங்கியதால் சிசேரியன்தான் ஆனது. ஆண் குழந்தை. எட்டாம் நாள் பார்க்கப் போனபோது அவள் முதலில் சொன்னது குழந்தையைப் பற்றி அல்ல. “எல்லாம் எனக்குத் தெரிஞ்சேதான் நடந்துச்சு சித்தி” என்றாள். அக்காவுக்கு இன்னும் நார்மல் ஆகவில்லையே என்ற குறை.

கையெழுத்து விஷயம் ஒன்று பாக்கி. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சுயநினைவுள்ள, வயது வந்த பெண்ணின் உடம்புக்குச் சம்மதம் தர வேண்டியவள் அவளே. மயக்கத்தில் இருந்த அவரது கருப்பையை எடுக்கத் தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது. என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். எனக்கு நீட்டப்பட்ட தாளில் ‘கணவர் / பாதுகாவலர்’ என்ற கோட்டில் என் வீட்டுக்காரர் வெளி வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டார். எனக்கென்று அதில் கோடே இல்லை.

இந்தப் பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக, வலியைத் தூண்டுவதற்கான சம்மதப் படிவம் ஒன்றைக் கொடுத்தேன். நிபந்தனை ஒன்றுதான். எட்டாம் வகுப்பு படித்த பெண், வலி இல்லாத நேரத்தில், ஐந்து நிமிடத்தில் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘தூண்டு பிரசவம்’ என்று ஒருத்தி எழுதினாள், தூண்டில் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். ‘பேறு தொடக்கல்’ என்றாள் இன்னொருத்தி. இரண்டு மணி நேரம் போய்விட்டது. கடைசி வரிசையில் ஆறு மாதக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிற பெண் ஒருத்தி, தலைப்பை விட்டுவிட்டு முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். “எனக்கு இன்று மதிப்பெண் ____. இந்த மருந்தை எப்போது நிறுத்துவார்கள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.” கீழே ஒரே ஒரு கோடு போட்டிருந்தாள். மற்றவர்கள் தங்கள் தாளில் ‘கணவர்’ என்ற சொல்லை அடிக்கத் தொடங்கினார்கள்.